புகைப்புரையில் உணங்கிய பாவட்டை இலை

2025 ஜூன் 21, சனிக்கிழமை. ஆனி ஏழாம் தேதி. ஐந்தரைக்கு எழுந்தேன். வாசலில் கிடந்த பால் பாக்கெட்டை எடுத்துக் கழுவிக் காய்ச்சினேன். மோட்டாரைப் போட்டு, மேல்தொட்டி நிறைந்து வழியும் சத்தம் கேட்டதும் அணைத்தேன். சவரம் செய்துகொண்டேன். முந்தைய நாளின் குறிப்பில் ஒரு வரி விட்டுப்போயிருந்தது. அதை எழுதிச் சேர்த்தேன். நில அளவைப் பிரிவில் வரைவாளராக இருப்பவனுக்கு எல்லைக்கோடு ஓரிடத்தில் அறுந்து நிற்பது பிடிக்காது, நாள்குறிப்பிலும் அப்படித்தான்.

அலுவலகம் விடுமுறை. என் மனைவிக்குக் கல்லூரித் தேர்வுப் பணி முந்தைய நாளோடு முடிந்திருந்தது. இருவரும் இட்லி சாப்பிட்டுவிட்டு, குடை, துடைத்துக்கொள்ள ஒரு துவர்த்து, இரண்டு வெள்ளைத் துணிப்பைகளோடு நாகர்கோவிலிலிருந்து கருங்கல் வழியாகப் புதுக்கடை போகும் பேருந்தில் ஏறினோம். புதுக்கடைக்கு அப்பால் அவளுடைய அண்ணன் வீடு. அங்கே தட்டின்மேல், அதாவது ஓட்டுக்கூரைக்கும் பலகைத் தளத்துக்கும் இடையில் இருக்கும் இருட்டறையில், அவளுடைய ஆராய்ச்சிக்கான இலைகள் நிழலில் காய்ந்து உணங்கிக்கொண்டிருந்தன. அவற்றை வாங்கிவரத்தான் போனோம்.

அவள் ஒரு பார்மசி கல்லூரியில் பாடம் நடத்துகிறாள். நாற்பது வயதுக்குமேல், வேலை பார்த்துக்கொண்டே முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்தாள். என்ன ஆராய்ச்சி என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஓர் இலையின் சத்தைப் பிரித்தெடுத்து, அது கல்லீரலைக் கேட்டிலிருந்து காக்குமா என்று எலிகளில் பார்க்கிறாள். காய்ச்சல் மாத்திரையே அளவு மிஞ்சினால் ஈரலைக் கெடுக்கும். அப்படிக் கெடுக்கும் அளவு மருந்தைச் சில எலிகளுக்குக் கொடுப்பார்கள். வேறு சில எலிகளுக்கு முதலில் சில நாள் இலைச்சத்தைக் கொடுத்துவிட்டு, பிறகு அதே மருந்தைக் கொடுப்பார்கள். முடிவில் இரண்டு கூட்டத்தின் இரத்தத்தையும் ஈரலையும் ஒப்பிடுவார்கள். கேட்க எளிதாக இருக்கும். அருகிலிருந்து பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், எளிதல்ல.

அவள் எடுத்துக்கொண்ட செடி பாவட்டை. ரப்பர் தோட்டத்து ஓரங்களிலும் பாறைச் சரிவுகளிலும் தானாக வளரும் குத்துச்செடி. வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகப் பூக்கும். உடம்புவலிக்கு அந்த இலையைப் போட்டு வெந்நீர் காய்ச்சிக் குளிப்பது அந்தப் பக்கத்து வழக்கம். இலையை வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கறுப்பாகச் சிறு புள்ளிகள் தெரியும். பறிக்கும் நாளில் அவள் ஒவ்வோர் இலையையும் அப்படித் தூக்கிப் பிடித்துப் பார்த்த பிறகுதான் பையில் போடுவாள். புழு அரித்தது, பழுத்தது, முற்றாதது எல்லாம் தனியே போகும். பிறகு நல்ல தண்ணீரில் அலசி, துணியில் ஒற்றி, செய்தித்தாளில் ஒன்றின்மேல் ஒன்று படாமல் பரப்புவாள். வெயில் படக்கூடாது, சூடு படக்கூடாது, நிழலில் தானாகக் காயவேண்டும். வரைபடத்தில் மயிரிழைக் கோடு போடும் வேலையில் இருபத்தைந்து வருடம் கழித்தவன் நான். அந்தப் பொறுமை எனக்கு இல்லை.

முதல்கட்டச் சோதனைக்கான இலையைப் போன ஆனியில் இதே சரிவில் பறித்து, இதே தட்டில் காயவைத்தாள். இரண்டாம் கட்டத்துக்கும் அதே இடம், அதே பருவம் வேண்டும் என்பது அவளுடைய கணக்கு. விலங்கு அறையில் ஜூலை நடுவில் அவளுக்கு முறை ஒதுக்கியிருந்தார்கள். அது தவறினால் அடுத்த முறை அரை வருடம் கழித்துத்தான். அவளுடைய பதிவுக்காலம் ஏற்கெனவே ஒருமுறை நீட்டிக்கப்பட்டு, இந்த ஆண்டோடு முடிகிறது. மறுபடி நீட்ட வழியில்லை. ஆக, அந்த இலைதான் அவளுடைய இத்தனை வருட வேலைக்கும் கடைசிப் பாலம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது மழை தூறிக்கொண்டிருந்தது. மச்சான் முற்றத்தில் ரப்பர் பால் உறைந்த தட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். என்னைவிட நான்கு வயது மூத்தவர். வளைகுடாவில் பதினைந்து வருடம் வெல்டராக இருந்துவிட்டு வந்து, ஒன்றரை ஏக்கர் ரப்பரைப் பார்த்துக்கொள்கிறார்.

"வாங்கோ மாப்பிள. மழ நனஞ்சியளா?"

"இல்ல மச்சான், குட இருக்கு."

அவள் செருப்பைக் கழற்றிய கையோடு ஏணிப்படியில் கால் வைத்துவிட்டாள். மச்சானின் மனைவி, அவளுக்கு மைனி, அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"ஒரு வாய் காப்பி குடிச்சிட்டு ஏறுனா என்னட்டி? இல எங்கயாவது ஓடிருமா?"

ஓடித்தான் இருந்தது. மேலிருந்து அவள் குரல் வந்தது. "அண்ணா, இலய எங்க?"

மச்சான் கையைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "அங்க இல்ல மக்கா. கீழ எறங்கி வா, காட்டித்தாறேன்."

அந்தச் சிரிப்பில் இருந்த பெருமையை நான் கவனித்தேன். பரிசுப் பொட்டலத்தைப் பின்னால் மறைத்து வைத்திருப்பவரின் சிரிப்பு. எங்களை வீட்டுக்குப் பின்புறம் அழைத்துப் போனார். அங்கே ஹாலோ பிளாக் கட்டி, தகரம் போட்ட சின்ன அறை, அதுதான் புகைப்புரை. உருளையில் பிழிந்த ரப்பர் ஷீட்டுகளை மூங்கில் கழிகளில் தொங்கவிட்டு, அடியில் தீ மூட்டி, புகையிலும் சூட்டிலும் உணக்குவார்கள். கதவைத் திறந்ததும் கண் எரிந்தது. தேன்நிறத்தில் ஷீட்டுகள் வரிசையாகத் தொங்கின. அவற்றுக்கு மேலே, கூரையை ஒட்டிய பரணில், புதிய கோரைப்பாய் விரித்து, அதில் பாவட்டை இலைகள்.

"நாலு நாளா விடாத மழ கேட்டியா. தட்டுல ஒரே ஈரம். செவ்வாக்கெழம ஏறிப் பாத்தா ரெண்டு மூணு இலைல வெள்ளையா பூப்பு பிடிச்சிருக்கு. நான் பேடிச்சுப் போனேன். இந்தப் பிள்ள இதுக்குத்தான இத்தன வருசம் பாடுபடுகு. அந்த ரெண்டு மூணையும் எடுத்துக் களஞ்சேன். மிச்சத்த எல்லாம் புதன்கெழம இங்க கொண்டு வந்தேன். தெவசம் நாலு மட்டம் கிளறி விட்டேன். இப்பம் பாரு."

ஓர் இலையை எடுத்து விரல்களுக்கிடையில் நொறுக்கிக் காட்டினார். அப்பளம்போல நொறுங்கியது.

"ஒரு போன் போட்டிருக்கலாமே அண்ணா."

"போன் போட்டா நீ பரீச்சைய விட்டுட்டு ஓடி வருவ. உன்னய எனக்குத் தெரியாதா?"

அவள் ஓர் இலையை எடுத்து மூக்கருகே பிடித்தாள். வெகுநேரம் முகர்ந்தாள். பிறகு பரணின் வேறொரு மூலையிலிருந்து இன்னொன்றை எடுத்து முகர்ந்தாள். கேட்டது ஒரே ஒரு கேள்வி.

"என்ன வெறகு அண்ணா?"

"ரப்பர் வெறகும் தேங்காச் செரட்டையும். நல்ல ஒண்ணாந்தரம் பொகையாக்கும்."

அவள் புகைப்புரைப் படியில் உட்கார்ந்துவிட்டாள். மச்சானின் முகத்திலிருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் அங்கேயே நின்றது. எனக்கு ஜூலையின் தேதிகள் மனதில் ஓடின. அவள் அழப்போகிறாள் என்று நினைத்தேன். அழவில்லை.

"இத எடுக்க முடியாதுண்ணா."

"ஏன், ஒணங்கலியா?"

"ஒணங்கிட்டு. கூடவே பொகையும் குடிச்சிட்டு."

"பொக குடிச்சா என்ன? நம்ம ஷீட்டு பொக குடிச்சாத்தான் மார்க்கெட்டுல வெல."

"எலி ஷீட்டு வாங்க வரலியே அண்ணா."

அதற்குள் பின்னால் வந்து நின்றிருந்த மைனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "நான் அப்பமே சொன்னேன், பிள்ளைட்ட ஒரு வார்த்த கேட்டுக்கிடுங்கோன்னு. அவியளுக்கு எதக் கண்டாலும் ஷீட்டுதான். மழக்காலத்துல என் சேலயக்கூட அந்தப் பொரைல கொண்டு போட்டாவ. சர்ச்சுக்குக் கெட்டிட்டுப் போனா பக்கத்துல இருந்தவ எழும்பி மாறிப் போறா."

"நீ பேசாத இரு," என்றார் மச்சான். பிறகு தங்கையிடம் தணிந்த குரலில், "எலிக்கு என்ன மக்கா தெரியப் போகுது?" என்று கேட்டார்.

"எலிக்குத் தெரியாண்டாம். அதுக்க ஈரலுக்குத் தெரியும்."

அதன்பிறகு அவள் சொன்னதை என் மொழியில் எழுதுகிறேன். நாம் தின்பது, குடிப்பது எல்லாவற்றையும் பிரித்துச் சலித்து வேண்டாததை வெளியேற்றுவது ஈரலின் வேலை. புகையில் ஒட்டிவரும் பொருள்களையும் அதுதான் எதிர்கொள்ளவேண்டும். புகை அந்த ஈரலைக் கெடுத்தால், இலை கெடுத்ததாக முடிவு வரும். ஆனால் அவள் பயந்தது அதற்கல்ல.

"கெடுத்தாக்கூட பரவாயில்ல அண்ணா, எங்கயோ தப்புன்னு தேடிப் போவேன். நல்லது செஞ்சிட்டா? வெறகுப் பொகைலயும் சில பொருளு உண்டு, கெட்டுப்போகாம காக்கியது. பொக போட்ட மீனு அதுலதான கெடாம இருக்கு. இந்த இலைய எடுத்தா முடிவு போன வருசத்தவிட நல்லா வந்தாலும் வரும். எல்லாரும் கை தட்டுவாவ. நான் என்னன்னு எழுத? காத்தது இலையா, செரட்டையா?"

மைனிதான் மெதுவாகக் கேட்டார். "பொடிச்சு சாறு எடுத்தாச்சுன்னா ஆருக்கு மக்கா தெரியும்? நாங்க மூணு பேரும் வெளிய சொல்லவா போறோம்?"

அதில் சூது ஒன்றும் இல்லை. நாத்தனாரின் இத்தனை வருட உழைப்பு கண்முன்னால் போகிறதே என்ற தவிப்புதான். அவளும் கோபப்படவில்லை. "எனக்குத் தெரியுமே மைனி," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து, முகம் கழுவப் போனாள்.

அவளுடைய வழிகாட்டி அவளைவிட வயதில் இளையவர், கண்டிப்பானவர். அவரிடம் இதைச் சொல்வதற்கு நான் என்றால் மாலைவரை வார்த்தை தேடியிருப்பேன். அவள் முகத்தைத் துடைத்த உடனே போனை எடுத்தாள். வராந்தாவில் நின்று பேசியது எங்களுக்குக் கேட்டது. நடந்ததைத் தொடக்கத்திலிருந்து வரிசையாகச் சொன்னாள். அண்ணன் செய்தார் என்று ஒரு தடவைகூடச் சொல்லவில்லை; "என் பொறுப்பில் இருந்த இலை புகையில் உணக்கப்பட்டுவிட்டது, மேடம்" என்றே சொன்னாள். பிறகு வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். "சரி மேடம்." "இல்ல மேடம், அதக் கேக்கல." "சரி மேடம்."

போனை வைத்துவிட்டு வந்து சொன்னாள். முறையை ஒருநாள்கூடத் தள்ளிவைக்க முடியாது, வேறு ஒருவர் காத்திருக்கிறார். ஜூலை ஐந்தாம் தேதிக்குள் நல்ல இலையின் பொடி கல்லூரிக்கு வந்துவிட்டால் பார்க்கலாம். இல்லையென்றால் இதோடு நிறுத்திக்கொள்ளவேண்டியதுதான்.

"அதக் கேக்கலன்னியே, என்னது?" என்றேன்.

"ஒருநாள் ரெண்டுநாள் பிந்தினா பொறுத்துக்கிடுவியளான்னு கேக்க வந்தியளான்னு கேட்டாங்க. இல்லன்னேன்."

செடியில் இலை இருக்கிறதா என்று பார்க்க நால்வரும் மழையிலேயே சரிவுக்குப் போனோம். போன வாரம் முதல் தடவை பறித்தபோது கீழ்ப்பாதியோடு நிறுத்தியிருந்தோம். மேல்வரப்பில் பாறையை ஒட்டி நின்ற செடிகள் தொடப்படாமல் செழித்திருந்தன. அவள் நனைந்த இலை ஒன்றைப் பறித்து, மேகமூட்டமான வானத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாள். புள்ளிகள் தெரிந்தன. இலை போதும். காய்வதுதான் கேள்வி. புதுக்கடைப் பக்கத்து ஆனி மழையில் எந்தத் தட்டில் போட்டாலும் பூப்புதான் பிடிக்கும்.

அன்று என் பங்கு என்று ஒன்று உண்டென்றால் அது அந்தச் சரிவில் நின்று நான் சொன்ன ஒரு வாக்கியம்தான். "ஆரல்வாய்மொழிக்குக் கொண்டு போனா என்ன?" இங்கே கொட்டும்போது அங்கே, மலை இடைவெளியில், காற்று மட்டும் வீசிக்கொண்டிருக்கும். காற்றாலைகளை அங்கே நட்டிருப்பது சும்மாவா. என் அக்காவின் வீடு அங்கேதான். மாடியில் ஒரு அறை பூட்டிக் கிடக்கிறது; மேற்கிலும் கிழக்கிலும் ஜன்னல்கள். வெயில் படாது, காற்று ஓயாது.

அவள் என்னைப் பார்த்தாள். "கொசுவல கெட்டணும். இல பறந்திரக்கூடாது. தூசியும் வரக்கூடாது."

"கெட்டலாம்."

"அக்கா வத்தல் ஏதாவது போட்டிருப்பாவளா?"

"எடுக்கச் சொல்லுவோம்."

மச்சானுக்கு அப்போதுதான் உயிர் வந்தது. "நாளைக்கு வெளுக்கும்போ மழ கொஞ்சம் விட்டுத் தரும். ரப்பர் பால் வெட்டுக்குப் போகல. சர்ச்சுக்கு ரெண்டாம் ஆராதனைக்குப் போனாப் போதும். எல்லாரும் நின்னு பறிச்சிருவோம்." பிறகு, "இந்த மட்டம் நான் கிளறல்லாம் மாட்டேன்," என்றார்.

"கிளறாண்டாம் அண்ணா. பறிச்சுத் தந்தாப் போதும்."

"பின்ன பொரைல இருக்கியத என்ன செய்ய? களயவா?"

"வெந்நி போட்டுக் குளிங்க. உடம்புவலிக்கு நல்லது. அதுக்குப் பொக குடிச்சா குத்தமில்ல."

உண்மையிலேயே சாயங்காலம் மச்சான் அண்டாவில் தண்ணீர் காய்ச்சி, அந்த இலையில் இரண்டு கை போட்டு, என்னையும் குளிக்கச் சொன்னார். குளித்தேன். உடம்பு லேசாகத்தான் இருந்தது. ஷீட்டு நாற்றம் இரண்டு நாள் போகவில்லை.

அன்றிரவு அங்கேயே தங்கினோம். சாப்பிடும்போது மச்சான் வேறொன்று கேட்டார். போன மாதம் ஸ்கேனில் அவருக்கு ஈரலில் கொழுப்பு படிந்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். "நெசத்தச் சொல்லு. நீ இலைலருந்து எடுக்கிய அந்தப் பச்சப் பேஸ்டுல ஒரு ஸ்பூனு எனக்குத் தந்தா என்ன?"

ஊரில் பாதிப்பேர் அவளிடம் கேட்கும் கேள்வி அது. இலை ஈரலுக்கு நல்லது என்று யாரோ சொல்லக் கேட்டால் நம்மவர்கள் அதைக் குடித்தே பார்த்துவிடுவார்கள். அவள் சோற்றைப் பிசைவதை நிறுத்தினாள். "எலிக்குக் கொடுத்துப் பாத்தது எலிக்குத்தான் அண்ணா. மனுசனுக்கு எவ்வளவு, எத்தன நாள், வேற எதக் கெடுக்கும், ஒண்ணும் எனக்குத் தெரியாது. தெரியாதத என் அண்ணனுக்குத் தர மாட்டேன். டாக்டரு நடக்கச் சொன்னாரா?"

"சொன்னாரு."

"நடக்கியளா?"

மச்சான் மைனியைப் பார்த்தார். மைனி மீன்குழம்பைப் பார்த்தார். "நாளைக்குச் சரிவு ஏறி இறங்குவாவல்லா, அதுதான் நட," என்றார்.

இதை எழுதும்போது அந்தச் சனிக்கிழமைக்குப் பின்னால் வந்ததும் எனக்குத் தெரியும். ஆரல்வாய்மொழி அறையில் இலை காய்ந்தது. ஜூலை நான்காம் தேதி வெள்ளிக்கிழமை மாலை, பொடித்துச் சலித்து, கண்ணாடிச் சீசாவில் அடைத்துக் கல்லூரியில் கொண்டுபோய் வைத்தாள். சோதனை நடந்தது. அதன் முடிவை அவள் எழுதுவாள். அது நான் சொல்லக்கூடியதல்ல. கேட்டாலும் அவள் என்னிடம் இன்னும் முழுதாகச் சொல்லவில்லை, எழுதி முடிக்காமல் சொல்லவும் மாட்டாள். எனக்கு அந்தப் பிடிவாதத்தின்மேல்தான் மதிப்பு. நல்ல முடிவு வந்துவிடுமோ என்று பயப்படத் தெரிந்தவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. என் வேலையில்கூட, கோடு சரியாகச் சேர்ந்துவிட்டால் ஏன் சேர்ந்தது என்று யாரும் திரும்பப் போய் அளப்பதில்லை.

அந்தச் சனிக்கிழமையின் மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. மச்சான் சொன்னபடியே விடியும்போது மழை விட்டிருந்தது. நான்கு பேரும் பைகளோடு முற்றத்தில் இறங்கினோம். அவள் எங்களைப் போகவிடவில்லை. மச்சானின் விரல்களில் ரப்பர் பாலை உறையவைக்க ஊற்றும் ஆசிட் வாடை, மைனியின் கையில் தலைக்குத் தேய்த்த தேங்காயெண்ணெய், என் கையில் பற்பசை. கிணற்றடியில் எங்களை வரிசையாக நிற்கவைத்து, வாளித் தண்ணீரைத் தானே ஊற்றினாள். முதலில் செய்தது அதுதான்: வாசனை போகும்வரை கை கழுவினோம். மச்சான் இரண்டு தடவை கழுவிவிட்டு, கைகளை அவள் மூக்கருகே நீட்டினார். அவள் முகர்ந்து பார்த்துவிட்டு, இன்னொரு வாளி இறைத்தாள்.